31 சுரங்களும் ஒரு கோடையும்

போன ஜூன் மாதம் ஒரு பின்னேரம். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. போர்டிங் அறையில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றியிருந்து கச்சேரிப் பதிவு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடம் ஆம்ஸ்டர்டாம். கோடை வந்துவிட்டதைக் கொண்டாட நடத்திய ஓர்கன் கச்சேரி. ஒரு நிமிடம் போகவில்லை, எங்களில் சங்கீதம் படித்தவள் "இது சுருதி சேரல்ல, பெட்டி பழுது போல கிடக்கு" என்றாள். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. ஐந்தாறு நிமிடம் கழித்து அவளே, "பொறு, அந்த இடத்தைத் திரும்பப் போடு" என்றாள். பிசகு என்று நாங்கள் நினைத்ததெல்லாம் வேண்டுமென்றே வாசித்த சுரங்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த ஓர்கனில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரம் இல்லை, 31 சுரம்.

முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது கோடைக்கு. எங்கட பக்கம் கோடை என்றால் கிணறு வத்துற காலம், யாரும் அதை வரவேற்றுக் கச்சேரி வைப்பதில்லை. நெதர்லாந்தில் கதை வேறு. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டுகிற ஊர், ஜூன் 21ஐ ஒட்டி இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்துக்காக ஆறு மாதம் காத்திருந்தவர்கள் பாட்டும் கூத்துமாக வெளியே வருவது நியாயம்தான்.

அடுத்த கேள்வி, ஏன் 31? அதைத் தேடப் போய் நாங்கள் வந்து நின்ற இடம் சங்கீதம் இல்லை, யுத்தம். மூடப்பட்ட ஒரு பல்கலைக்கழகமும், யாருக்கும் பிரயோசனப்படாத ஒன்றைப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்த ஒரு பேராசிரியரும் அங்கே இருந்தார்கள். "கலைப்பீடமா? படிச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று எல்லா வீட்டு விசேசத்திலும் கேட்கப்படுகிற எங்களுக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

காணாமல் போகிற ஒரு சின்னத் துண்டு

கணக்கிலிருந்து தொடங்குவோம். பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

ஒரு சுரத்தின் மீடிறன் 400 என்று வையுங்கள். அதன் மேல் ஸ்தாயி 800. அந்தச் சுரத்தைச் சட்ஜமாக எடுத்தால், அதோடு இழைந்து ஒலிக்கிற அந்தர காந்தாரம் 5க்கு 4 என்ற விகிதத்தில், 500இல் இருக்கும். பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் இப்படியான காந்தாரப் படிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சரியாக மேல் ஸ்தாயிக்கு வந்துவிடலாம். உண்மையான விகிதத்தில் அடுக்கிப் பாருங்கள்: 400, 500, 625, 781.25. 800க்கு வந்து சேரவில்லை. ஒரு சின்னத் துண்டு குறைகிறது. அதற்கு மேலைத்தேய இசையில் டையசிஸ் என்று பெயர்.

இந்தத் துண்டை என்ன செய்வது என்பதுதான் ஐரோப்பிய விசைப்பலகையின் பல நூற்றாண்டுத் தலையிடி. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் காந்தாரங்களைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, பிசகு முழுவதையும் அதிகம் பாவிக்காத ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். அந்த மூலையில் கை வைத்தால் ஊளைச் சத்தம் வரும். அதற்கு "ஓநாய்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு வந்த முறை, பிசகை எல்லாச் சுரத்துக்கும் சமமாகப் பங்கிட்டு ஸ்தாயியை 12 சம படிகளாக வெட்டியது. இன்றைக்குப் பியானோவிலும் கீபோர்டிலும் இருப்பது அதுதான். அதில் ஓநாய் இல்லை. ஆனால் சுத்தமான காந்தாரமும் ஒரு இடத்தில்கூட இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையிலான தூரத்தை 100 செண்ட் என்று கணக்கிட்டால், பியானோவின் காந்தாரம் ஏறத்தாழ 14 செண்ட் கூடுதலாக இருக்கும். பழகின காதுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. அந்தச் சின்னத் துண்டை ஒளிக்காமல் அதையே ஒரு படியாக ஏற்றுக்கொள்வது. முழுச் சுரம் ஒன்றில் ஐந்து துண்டு, அரைச் சுரத்தில் மூன்று துண்டு. ஒரு ஸ்தாயியில் ஐந்து முழுச் சுரமும் இரண்டு அரைச் சுரமும் இருக்கின்றன. ஐயைந்து 25, இருமூன்று 6. மொத்தம் 31.

இத்தாலியில் நிக்கோலா விசென்தினோ 1555இல் இப்படி ஸ்தாயியை நுணுக்கமாகப் பிரித்த ஒரு விசை வாத்தியத்தைப் பற்றி எழுதினார். வீட்டோ திராசுந்தினோ 1606இல் செய்த, ஸ்தாயிக்கு 31 கட்டை கொண்ட வாத்தியம் இன்றைக்கும் பொலோஞாவில் இருக்கிறது. கணக்கைத் தீர்க்கமாகப் போட்டவர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் வரும்: ஒளியை அலையாகப் பார்த்தவர், ஊசல் கடிகாரம் செய்தவர், சனியின் டைட்டன் துணைக்கோளைக் கண்டவர். அவருடைய தகப்பன் கொன்ஸ்தந்தைன் கவிஞர், இசையமைத்தவர், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கலாமா என்று நடந்த சண்டையில் வாசிக்கலாம் என்று 1641இல் புத்தகமே எழுதியவர். மகன் 1691இல் ரொட்டர்டாமில் வெளிவந்த ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில், மடக்கையை வைத்து ஸ்தாயியை 31 சம பங்காகப் பிரித்துக் காட்டினார். அதில் கிடைக்கிற காந்தாரத்துக்கும் சுத்தமான காந்தாரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு செண்ட்கூட இல்லை. 31 தந்திக்கு மேலே 12 கட்டையுள்ள பலகையை நகர்த்தி நகர்த்தி வாசிக்கலாம் என்றும் ஒரு வழி சொன்னார். நாலு வருடத்தில் ஹைகன்ஸ் இறந்துபோனார். உலகம் 12க்குப் போனது.

மணியை எடுத்தார்கள், கணக்கை விட்டார்கள்

இனி 1940. மே மாதம் ஜேர்மன் படை நெதர்லாந்தைப் பிடிக்கிறது. அந்த நவம்பரில் யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தில், நீக்கப்பட்ட சட்டப் பேராசிரியர் மேயர்ஸின் விரிவுரை நேரத்தில், அவருடைய மாணவனாக இருந்து பேராசிரியராகிய கிளெவெரிங்கா மேடையேறி வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். நாள் நவம்பர் 26. மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள். அடுத்த நாள் கிளெவெரிங்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்கலைக்கழகத்தை மூடினார்கள்.

அதே லெய்டனில் அத்ரியான் ஃபொக்கர் என்ற பௌதிகப் பேராசிரியர் இருந்தார். 1887இல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் குடியேற்றமான இன்றைய இந்தோனேசியாவின் போகோரில் பிறந்தவர். லொரென்ட்ஸிடம் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறகு ஐன்ஸ்டைன், ரதர்ஃபோர்ட், பிராக் ஆகியோருடன் வேலை செய்தவர். ஃபொக்கர்–பிளாங் சமன்பாட்டில் இருக்கிற ஃபொக்கர் இவர்தான். விமானம் செய்த ஃபொக்கர் இவருக்குச் சொந்தக்காரர்.

பௌதிகம் தெரிந்த ஆளை ஒரு ஆக்கிரமிப்பு அரசு சும்மா விடாது. யுத்தத்துக்கு எது எதெல்லாம் பிரயோசனமோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நெதர்லாந்தின் தேவாலயக் கோபுரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மணிகளைக் கழற்றி உருக்குவதற்கு அனுப்பினார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஊரைக் கூப்பிட்ட வெண்கலம், அந்தக் கணக்கில் வெறும் உலோகம்.

ஃபொக்கர் சங்கீதக் கணக்கில் இறங்கினார். காரணம் இரண்டு. ஒன்று, ஹைகன்ஸின் எழுத்தை வாசித்து 31ஐக் கண்டுகொண்டது. மற்றது, தன்னால் யுத்தத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று நாசிகளை நம்பவைக்க விரும்பியது. இந்த இரண்டாவது காரணத்தை வாசித்தபோது நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பிரயோசனமில்லாத படிப்பு என்று எங்களைச் சொல்வார்கள். ஒரு பெரிய விஞ்ஞானி அந்தப் பட்டத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

எங்கட பட்ச் கம்பஸுக்குள் வருவதற்கே கொரோனா, எரிபொருள் வரிசை என்று வருடங்கள் இழுபட்டன. எங்களுக்கு முன்னம் படித்தவர்களுக்கு யுத்தம். மூடின வளாகம் என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஒருத்தர் இருந்து 5க்கு 4, 7க்கு 4 என்று விகிதம் போட்டுக்கொண்டிருந்தார் என்றால் முதலில் கோபம்தான் வரும். வெளியே ஆட்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 1944–45 பனிக்காலத்தில் பட்டினியால் மட்டும் சுமார் 20,000 பேர் செத்தார்கள். கிளெவெரிங்காவின் பேச்சையும் ஃபொக்கரின் கணக்கையும் ஒரே தட்டில் வைக்க நாங்கள் வரவில்லை. ஒன்று எழுந்து நின்றது, மற்றது கொடுக்க மறுத்தது. ஆனால் கொடுக்க மறுப்பதற்கும் அந்தக் காலத்தில் ஒரு பெறுமதி இருந்தது என்று நினைக்கிறோம்.

1945 மே 5, நெதர்லாந்து விடுபட்டது. அந்த வருடக் கோடையை அந்தச் சனம் எப்படி வரவேற்றிருக்கும் என்று நாங்கள் எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

ஹார்லெம், 1950

யுத்தம் முடிந்த பிறகு கணக்கு மரமும் குழாயுமாக மாறியது. ஹார்லெம் நகரத்தின் டெய்லர் அருங்காட்சியகத்தில் ஃபொக்கர் பௌதிகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். பீட்டர் டெய்லர் என்ற பட்டு வியாபாரியின் சொத்திலிருந்து உருவாகி 1784இல் திறந்த இடம். அங்கே 1950இல், பெல்ஸ் என்ற ஓர்கன் கட்டும் நிறுவனம் செய்த 31 சுர ஓர்கன் வந்து நின்றது. கட்டைகள் வரிசை வரிசையாகப் படிக்கட்டு மாதிரி ஏறும். எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் விரல் வைக்கிற அமைப்பு ஒன்றுதான். தானே அதற்குச் சில உருப்படிகளும் எழுதினார், ஆரி டி க்ளைன் என்ற புனைபெயரில்.

ஊரும் பொருத்தமான ஊர். டெய்லரிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் சென் பாவோ பெரிய தேவாலயம். 1738இல் முடித்த அதன் ஓர்கனைப் பத்து வயது மொசார்ட் 1766இல் வந்து வாசித்திருக்கிறார். 1951இலிருந்து கோடையில் அந்த ஊரில் ஓர்கன் விழா நடக்கிறது. ஒல்லாந்து நகரங்களில் ஓர்கன் கச்சேரி பழைய பழக்கம். சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்தபோது வழிபாட்டில் ஓர்கனுக்கு இடம் குறைந்தது. ஓர்கனோ நகரசபையின் சொத்து. அதனால் வழிபாட்டுக்கு வெளியே, ஊர்ச் சனம் கேட்பதற்காக வாசிக்க ஓர்கன் கலைஞர்களை நகரமே சம்பளத்துக்கு வைத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்வேலிங்க் வாசித்ததும் அப்படித்தான். தேவையில்லை என்று தள்ளினதே ஊருக்குப் பொதுவான இசையாக மாறின கதை அது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல முடிவாக இருக்கும். வரலாறு படிக்கிற ஆட்கள் நிறுத்த ஏலாது.

31 சுரத்தில் எழுதின முக்கியமான இசையமைப்பாளர்களில் முதல் சொல்ல வேண்டிய பெயர் ஹெங்க் பாடிங்ஸ். அருமையான இசையமைப்பாளர். ஆக்கிரமிப்புக் காலத்தில், யூதப் பின்னணி காரணமாக செம் திரெஸ்டன் வெளியேற்றப்பட்ட பிறகு, ஹேக் இசைக் கல்லூரியின் இயக்குநர் கதிரையில் இருந்தவரும் இவர்தான். யுத்தம் முடிந்ததும் ஒத்துழைப்பாளர் என்று இவருக்குத் தடை போட்டார்கள். 1947அளவில் திரும்ப வந்தார். கொடுக்க மறுத்த ஒருவர் செய்வித்த வாத்தியத்துக்கு, கொடுத்த ஒருவர் இசை எழுதினார். சுரங்களுக்கு இது தெரியாது. கேட்கிற எங்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தன் பல்கலைக்கழகத்தை ஆக்கிரமிப்பாளன் மூடினான் என்று கொதித்த அதே நாடு, விடுபட்ட கையோடு இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்கப் படையனுப்பியது. 1949 டிசம்பரில்தான் விட்டது. ஓர்கன் ஒலித்தது அதற்கு அடுத்த வருடம். ஃபொக்கர் பிறந்த ஊர் அப்போது வேறு நாடு. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதே வருடங்களில் இங்கே

12 கட்டை போதாது என்ற சண்டை அதே காலத்தில் எங்கட பக்கமும் நடந்தது. இடைச் சுரங்களையும் கமகத்தையும் ஆர்மோனியத்தால் கொடுக்க ஏலாது என்று அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அந்தப் பெட்டியைத் தடை செய்தது. ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர்கன் குடும்பத்துப் பிள்ளைதான். தடை தளர முப்பது வருடத்துக்குமேல் எடுத்தது. நுண்ணிய சுரத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி ஒரு வாத்தியத்தையும் அதை நம்பியிருந்த கலைஞர்களையும் வெளியே விட்டது அந்த வழி. இல்லாத சுரத்துக்குக் கட்டை செய்து பார்த்தது ஹார்லெம் வழி.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை எங்களுக்குத் தமிழ்ப் பேராசிரியராகத்தான் பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது. அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்து, யாழின் சுரங்களையும் 22 அலகையும் கணித விகிதமாக்கி அவர் எழுதின யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் இறந்தார். ஃபொக்கரும் விபுலானந்தரும் சந்தித்தார்கள் என்று கதை கட்ட நாங்கள் வரவில்லை. ஒரே பத்தாண்டில், இரண்டு கரையில், விஞ்ஞானம் படித்த இரண்டு பேர் பழைய ஏடு ஒன்றைத் திறந்து, காணாமல் போன சுரங்களைக் கணக்கால் தேடினார்கள் என்பது மட்டும் உண்மை. ஃபொக்கருக்கு ஒரு ஓர்கன் கிடைத்தது. விபுலானந்தரின் புத்தகத்தை எங்களில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம் என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். நாலு பேரில் ஒருத்தி.

கோடை ஏறுகிற அளவு

ஃபொக்கர் 1972இல் காலமானார். அவருடைய ஓர்கன் 2009இலிருந்து ஆம்ஸ்டர்டாமில், தண்ணீரோரம் இருக்கிற முசீக்கெபாவ் கச்சேரி மண்டபத்தில் நிற்கிறது. புதிய ஆட்கள் அதற்கு எழுதுகிறார்கள், வாசிக்கிறார்கள். நாங்கள் பார்த்த கோடைக் கச்சேரி அதில் நடந்ததுதான்.

கடைசியாக ஒரு கணக்கு. ஓர்கன் குழாயின் சுரத்தை அதற்குள் இருக்கிற காற்று தீர்மானிக்கிறது. காற்றுச் சூடானால் ஒலி வேகமாகப் போகும், சுரம் ஏறும். இரும்பு அடுப்பும் இல்லாத ஒரு கல் தேவாலயத்தில் பனிக்காலத்தில் 10 பாகை என்று வையுங்கள். கோடை வந்து அது 23 பாகைக்கு ஏறுகிறது. குழாய்கள் எவ்வளவு சுருதி ஏறும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம், இரண்டு தரம் போட்டோம். ஏறத்தாழ 39 செண்ட். 1200 செண்ட் ஸ்தாயியை 31ஆல் பிரித்தால் ஒரு படி 38.7 செண்ட்.

அதாவது, பனி போய்க் கோடை வருவது ஒரு ஓர்கனுக்குச் சரியாக ஒரு டையசிஸ். பியானோவில் கட்டை இல்லாத, பிசகு என்று எல்லாரும் பங்கிட்டு மறைத்த, ஹைகன்ஸ் எண்ணி ஃபொக்கர் குழாயாக்கின அதே சின்னத் துண்டு. யாரும் கேட்காமலே ஒவ்வொரு வருடமும் அந்தத் தேவாலயங்களில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கேட்க ஒரு வாத்தியம் தேவைப்பட்டது. அந்த வாத்தியத்துக்கு, யுத்தத்துக்குப் பிரயோசனமில்லாத ஒரு ஆள் தேவைப்பட்டார்.

கணக்குப் போட்டு முடிய நேரம் நடுச்சாமம். காற்று இன்னும் ஆறவில்லை. அடுத்த நாள் டியூட்டோரியல் இருந்தது, யாரும் ஒன்றும் படிக்கவில்லை. "திரும்ப ஒருக்கா போடு" என்றாள் அவள். போட்டோம். இந்த முறை சுருதி சேரல்ல என்று யாரும் சொல்லவில்லை.